குருத்துக்குள் ஈ

கற்பிட்டியில் பதின்மூன்று வருடம் பிறர் தோட்டத்து வெங்காயத்தோடு வாழ்ந்த கண்கள் கைருன்னிஸாவுடையவை. குழலாகத் தடித்துப் பளபளக்கும் தாளைக் கண்டால் அவளுக்கு மனம் குளிரும். சமாதானம் வந்ததும், போரில் விட்டு வந்த சொந்த ஊரான தண்ணீரூற்றுக்குத் தனியே திரும்பி, குளத்தடி வயலில் நெல் விதைத்திருந்தாள். "முதல் வெள்ளாமை கைக்கு வரட்டும். பிள்ளையளோட நானும் வாறன்" என்று கணவன் ஹமீட் சொல்லியிருந்தான்.

மார்கழி மழை ஓய்ந்த ஒரு காலை, பயிருக்குள் அதே குழல் தாள்கள் எழும்பி நின்றன. அடியில் நெல் பொத்துக்கொண்டு கிளைத்திருந்தது. அன்றே முல்லைத்தீவுக்குப் போய்த் தொலைபேசியில் சொன்னாள்: "பயிர் கொழுத்திட்டு. சாமான்களைக் கட்டுங்கோ."

பிறகு வந்த பொழுதுகளில், விளக்கைச் சுற்றும் பூச்சிகளோடுகூட அவள் பேசினாள். நுளம்பிலும் சிறியவை. நீண்ட கால்கள், சிவந்த வயிறு. கடிக்கத் தெரியாத விருந்தாளிகள்.

அடுத்த வயல்காரி நேசமலர் ஒருநாள் வரம்பில் நின்று சிரித்தாள்.

"என்னப்பா, நெல்லுக்குள்ள வெங்காயமும் வைச்சிருக்கிறீர்?"

"கண் வைக்காதேங்கோ அக்கா."

"நான் எங்க வைக்கிறது, ஈ எல்லோ வைச்சிட்டுது."

நேசமலர் ஒரு குழலைப் பிடுங்கி நகத்தால் கீறினாள். உள்ளே சிவப்பாக ஒரு கூட்டுப்புழு நெளிந்தது.

"இலையில முட்டை போடும். புழு பனி ஈரத்தில இறங்கிக் குருத்துக்குள்ள போயிடும். பயிரே அதுக்கு இப்பிடி வீடு கட்டிக் குடுக்கும். ஈயானதும் நுனியில ஓட்டை போட்டுப் பறந்திடும். இந்தக் குருத்தில கதிர் வராது."

"அடியில கிளைச்சிருக்கே அக்கா?"

"அது தவிப்பில கிளைக்கிறது. அதுக்குள்ளயும் போயிடும்."

நேசமலர் போன பின்னும் அவள் வயலுக்குள் நின்றாள். தொட்ட குழல்களிலெல்லாம் ஓட்டை. சிலவற்றில், ஈ கழற்றிவிட்டுப் போன மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கைச் சுற்றிய அந்தச் சின்ன உயிர் பறந்து திரிவது இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் அடுத்த குருத்துக்கு முட்டை வைத்துவிடும்.

ஹமீட் உடைந்துபோவான் என்று, முல்லைத்தீவு போகும் வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளைத் தேடிக்கொண்டு போனாள்.

"வயலில ஈ விழுந்திட்டு. கதிர் வராது" என்றாள்.

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. எத்தனையோ வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. அதில் துக்கம் இல்லை. தலைச்சுமையை இறக்கி வைத்த ஒருவனின் மூச்சு அது.

"என்ன செய்ய. நீ இஞ்ச வந்திடு. பிள்ளையளின்ட பள்ளிக்கூடமும் இஞ்சதானே" என்றான்.

"வெள்ளாமை வந்திருந்தா வந்திருப்பீங்களோ?"

"ஏன் இப்ப அந்தக் கதை?"

தேடி வைத்த ஆறுதல் ஒன்றும் அவளுக்கு உதவவில்லை.

"நான் அடுத்து வாற சிறுபோகமும் விதைக்கப்போறன்" என்றாள்.

யாருக்காக என்று அவன் கேட்கவில்லை.