மதிலுக்கு உள்ளே நான்கு பேர்

அந்த இரண்டு அறைகளையும் முதலில் எனக்குத்தான் கொடுத்தார்கள். இதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டுதான் இருப்பேன். என் கணவர் நஸ்ஸரேனோ ரோமாபுரி இராயப்பர் பேராலயத்தில் மராமத்து வேலை பார்த்தவர். 1921இல் சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மொன்சிஞ்ஞோர் பட்டம் பெற்ற பெரிய சாமியார் ஒருவர் இரக்கப்பட்டு, வத்திக்கான் மதிலுக்கு உள்ளே தோட்டத்தை ஒட்டி எங்களுக்கு இரண்டு அறை ஒதுக்கினார். நான் போய்ப் பார்த்தேன். சுவரெல்லாம் ஈரம். நானோ பூசைத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுகிறவள். துணி காயாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போதாததற்கு, இரவில் வாயிற்கதவைச் சாத்திவிடுவார்கள்.

அப்போதெல்லாம் உள்ளே குடியிருப்பது ஒரு பெருமையே இல்லை. இத்தாலி ராஜாவின் பட்டாளம் ரோமாபுரியைப் பிடித்த நாளிலிருந்து பாப்பரசரே வெளியில் கால் வைக்காமல் உள்ளே அடைந்து கிடந்தார். எங்கள் அப்பா பாப்பரசர் கட்சி. ராஜா என்ற சொல் அவர் வாயில் வராது, ராஜாவின் வடக்குச் சீமைப் பேரைச் சொல்லி "அந்தப் பியெமோந்தேக்காரன்" என்றுதான் சொல்வார். ராஜாவின் வண்டி மதிலுக்கு வெளியே எங்கள் போர்கோ தெருப்பக்கம் வந்தால் ஜன்னலைப் படாரென்று சாத்துவார். அத்தனை கோபம் இருந்தும் அவரே உள்ளே போய்க் குடியிருக்க ஆசைப்பட்டதில்லை.

"உனக்கு வேணுமாடி?" என்று என் தங்கை செனாயிதேயைக் கேட்டேன். அவள் புருஷன் ஒரெஸ்தே உள்ளே தோட்ட வேலை செய்தான். எனக்குப் பிடிக்காத பழைய பாவாடையைத் தள்ளிவிடுவதுபோலத்தான் கேட்டேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

ஈரச்சுவரை அவள் எப்படிச் சமாளித்தாளோ தெரியவில்லை. ஜன்னலில் துளசிச் செடி வைத்தாள், சுண்ணாம்பு அடித்தாள், ஒரே வருஷத்தில் அந்த வீட்டுக்கு ஒரு களை வந்துவிட்டது. என் மகன் எத்தோரேயும் அவள் மகன் ஃபாவுஸ்தோவும் ஒரே வயது. இரண்டு பேரும் ஒரெஸ்தேயிடம் தினக்கூலிக்கு மண் கொத்தினார்கள். கதவு சாத்திவிட்டார்கள் என்று சாக்கு சொல்லி எத்தோரே வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தூங்கிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை வந்தால், "சித்தி வெச்ச கூனைப்பூக் கறி எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா" என்பான். நான் செய்ததைத் தின்றுகொண்டே சொல்வான்.

1929 பிப்ரவரியில், மழை கொட்டிய ஒரு நாளில், பாப்பரசருக்கும் ராஜாவின் அரசாங்கத்துக்கும் சமாதானம் ஆகிவிட்டது என்று சொன்னார்கள். ஐம்பத்தொன்பது வருஷத்துக் கோபம் ஒரு கையெழுத்தில் தீர்ந்தது. சதுக்கத்தில் ஜனங்கள் நனைந்துகொண்டே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானும் அழுதேன். அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரா, திட்டியிருப்பாரா என்று யோசித்தபடி அழுதேன்.

அந்த அழுகை இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. மொன்சிஞ்ஞோர் வீட்டில் மேலங்கிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. மதிலுக்கு உள்ளே இருப்பது இனி தனி ராஜ்யமாம். அங்கே குடியிருப்பவர்களின் பெயரைப் பட்டியல் எடுக்கப் போகிறார்களாம். பட்டியலில் இருப்பவர்கள் இத்தாலியர்கள் இல்லை, பாப்பரசரின் குடிமக்கள். அவர்கள் பிள்ளைகளைப் பட்டாளத்துக்குக் கூப்பிட முடியாது. எனக்குக் கை நின்றுவிட்டது. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் துணி தீய்ந்து போயிற்று.

நான் வேண்டாம் என்று தள்ளிய வீடு. நான் தூக்கிக் கொடுத்த வீடு. அன்றைக்கு இரவு சாப்பாட்டில் இதையே புலம்பினேன். நஸ்ஸரேனோ, "அதான் அவளுக்குக் குடுத்தாச்சே, விடு" என்றார். அந்த மனுஷனுக்கு ஒடிந்தது காலா மூளையா என்று தோன்றியது.

அடுத்த வாரம் செனாயிதே மடித்த படிவம் ஒன்றை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். எதற்கென்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அக்கா, வீட்ல யார் யார் தூங்கறாங்கன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. எழுதி வெச்சிருக்கேன். நீ ஒரு வார்த்தை சொன்னா நிம்மதி."

"எத்தனை பேர எழுதின?"

"இருக்கற எல்லாரையும்தான்."

நான் பேப்பரை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஏண்டி, உனக்கு அறிவு இருக்கா? ரெண்டு ரூம்ல எத்தனை தலைன்னு எண்றாங்க. நாலுக்கு மேல போனா வீட்டைப் பிடுங்கிடுவாங்க."

அவள் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் இதை நம்பியிருப்பார்கள். அதிகாரி வந்து தலையை எண்ணினால் அது வரிக்காக, இல்லாவிட்டால் பட்டாளத்துக்காக, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்காக. பாப்பரசர் காலத்திலும் அப்படித்தான், ராஜா காலத்திலும் அப்படித்தான். எண்ணுகிறவனிடம் குறைத்துச் சொல்வது எங்களுக்குப் பால்குடியிலேயே வந்த பழக்கம். உள்ளதைச் சொன்னால் லாபம் என்று ஒரு நாள் வரும் என யார் கண்டது?

"அப்போ ஃபாவுஸ்தோவ என்ன பண்றது?"

"எங்க வீட்ல தூங்கறான்னு வெச்சுக்க. யாராவது கேட்டா நான் ஆமான்னு சொல்றேன். நீயும் அவரும் பொண்ணுங்க ரெண்டு பேரும், நாலு. கணக்கு சரியாப் போச்சு."

"நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆவேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அப்படிப் பொய் சொன்னதற்குக் காரணம் வேறொன்றுமில்லை, வயிற்றெரிச்சல். அவளுக்குக் கிடைத்ததில் ஒரு கவளமாவது குறையட்டும் என்று நினைத்தேன். அப்போது யுத்தம் எதுவும் கிடையாது. பட்டாளம் என்றால் ஒன்றரை வருஷம் வரிசையில் நின்று பாட்டுப் பாடிவிட்டு வருவார்கள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோடையில் அவர்களுக்குக் குடிமக்கள் அட்டை வந்தது, நான்கு அட்டை. ஃபாவுஸ்தோவுக்கு வரவில்லை என்று தெரிந்தபோது செனாயிதே ஒரு நாள் முழுக்க அழுதாள். ஆனால் ஒரு தலையை ஒளித்துவிட்டோம் என்ற பயத்தில் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். உள்ளேயிருக்கும் கடையில் வாங்கிய வெண்ணெயை முட்டைக்கோஸ் இலையில் சுற்றி மாதா மாதம் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல வெண்ணெய். ஒவ்வொரு வாயும் எனக்குக் கசந்தது. ஆறு வருஷம் தின்றேன்.

1935இல் ஆப்பிரிக்காவில் அபிசீனியா யுத்தம் வந்தது. எத்தோரேக்கும் ஃபாவுஸ்தோவுக்கும் ஒரே நாளில் அழைப்புத் தாள் வந்தது. இருபத்திரண்டு வயது இரண்டு பேருக்கும்.

செனாயிதே அப்போதுதான் துணிந்து உள்ளே பதிவு அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னாள். அங்கிருந்த குமாஸ்தா பலெஸ்த்ரா நல்ல மனுஷன். பையன் எந்த வீட்டில் தூங்குவதாக அப்போது சொல்லியிருந்தார்களோ அந்த வீட்டுக்காரி வந்து, அவன் அங்கே தூங்கவில்லை என்று சத்தியம் செய்தால் பெயரைச் சேர்த்துவிடலாம் என்றாராம். அவள் எங்கள் மூன்று மாடியையும் ஓட்டமாக ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி சொன்னாள்.

"வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லு அக்கா. போதும்."

"இதுக்கா இப்படி ஓடி வந்த? வரேன் போ" என்றேன். சத்தியமாக உண்மையைச் சொல்லத்தான் புறப்பட்டேன். மறுநாள் காலையில் நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு அவளோடு நடந்தேன்.

மதிலில் இருந்த புனித அன்னம்மாள் வாயிலைத் தாண்டும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "முதல்ல ஃபாவுஸ்தோ பேரு ஏறட்டும் அக்கா. மத்தது அப்புறம் பேசிக்கலாம்."

"மத்ததுன்னா?"

"அப்புறம் சொல்றேன்."

அதற்குப் பிறகு எனக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. மத்தது. என் பிள்ளை மத்தது. அவள் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து கூனைப்பூ தின்பான். என் பிள்ளை அபிசீனியாவில் குண்டுக்கு நிற்பான், அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். நான் கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு, என் வாயாலேயே அவள் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டு போவாள். அப்படியே பதிவு அலுவலகத்தின் படியேறினேன்.

பலெஸ்த்ரா சிலுவையை என் பக்கம் நகர்த்தினார். "கையை வெச்சுச் சொல்லுங்கம்மா. பாத்துச் சொல்லுங்க. இங்க பொய் சொன்னா மேல ஒரு தண்டனை, கீழ ஒரு தண்டனை. ரெண்டு எடத்துக்கும் எசமான் பாப்பரசர் ஒருத்தர்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "இருபத்தொன்பதுல ஃபாவுஸ்தோங்கற பையன் உங்க வீட்ல தூங்கினானா?"

"ஆமா" என்றேன்.

செனாயிதே, "அக்கா" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வீட்லதானா?"

பொய்யென்று சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். அழுத்தமாகச் சொன்னேன். "எங்க வீட்லதான். என் பையன் எத்தோரேவும் அவனும் ஒரே கட்டில்ல. ரெண்டு பேரும் ஒரு நாள்கூட மதிலுக்குள்ள தூங்கினதில்ல. போதுமா?"

எழுதினார். படித்துக் காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். என் எழுத்து எப்போதும்போலத்தான் இருந்தது.

பிறகு அவர் பழைய கட்டு ஒன்றை அவிழ்த்து, செனாயிதே அன்றைக்குக் கொடுத்த படிவத்தை எடுத்தார். என் வாக்குமூலத்தை அதோடு சேர்த்துத் தைப்பதற்காக எடுத்தவர், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் படித்தார்.

"அப்போ ரெண்டு பேரையும் அடிச்சது சரிதான்" என்றார்.

"எந்த ரெண்டு பேரு?" என்றேன்.

படிவத்தை என் பக்கம் திருப்பினார். தங்கையின் கோணல் எழுத்தில் ஆறு பெயர்கள். கடைசி இரண்டையும் ஒரே கோடாக அடித்திருந்தாள். ஐந்தாவது, ஃபாவுஸ்தோ, மகன். ஆறாவது, எத்தோரே, அக்கா மகன், எங்களோடு இருந்து தோட்டத்தில் வேலை செய்கிறவன்.

"உள்ள வேலை, உள்ள தூக்கம்" என்றார் பலெஸ்த்ரா. "ரெண்டு பேருமே உள்ளதான் இருந்தாங்கன்னு நீங்க சொல்லியிருந்தா, ரெண்டு பேருக்கும் சேர்த்து மேல எழுதியிருப்பேன். கவர்னர் மனசு வெச்சா மகன் மாதிரியே அக்கா மகனும் குடிமகன்தான்."

"அய்யா, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். "எத்தோரே இங்கதான் தூங்குவான். வாரத்துல அஞ்சு நாள். ஃபாவுஸ்தோ எங்க வீட்ல தூங்கினதே இல்ல. இவளக் கேளுங்க."

அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. "அம்மா, சிலுவையில கை வெச்சு ஒண்ணு சொன்னீங்க. உங்க பையன் பேரப் பாத்ததும் மாத்திச் சொல்றீங்க. இத நான் எந்த முகத்தோட மேல அனுப்புவேன்?"

படியிறங்கும்போது செனாயிதே எனக்கு முன்னால் போனாள். கீழே நின்று திரும்பினாள். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு ஆறு பேரு எழுதிட்டுத்தான் வந்தேன். நீ நாலுன்ன. வீட்டுக்குப் போய் ரெண்டு பேரையும் அடிச்சேன்."

"நேத்தே சொல்லியிருக்கலாமேடி."

"அக்கா மகனுக்குக் குடுப்பாங்களோ மாட்டாங்களோ. ஆசை காட்டி உன்ன ஏமாத்த வேணாமேன்னுதான் அப்புறம்னேன்." அவ்வளவுதான் சொன்னாள். ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரெஸ்தேயிடம்கூடச் சொல்லவில்லை. பையன்கள் புறப்பட்ட நாளில் ஸ்டேஷனில் பாண்டு வாத்தியம், கொடி, தள்ளுமுள்ளு. இரண்டு பேரும் ஒரே பெட்டியில் ஏறினார்கள். ஃபாவுஸ்தோ ஜன்னல் வழியாகக் குனிந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்து, "கவலைப்படாதீங்க பெரியம்மா, எத்தோரேவ நான் பாத்துக்கறேன்" என்றான். எத்தோரே தன் சித்தியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

ரயில் நகர்ந்ததும் செனாயிதே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். முன்பின் தெரியாத பெண்கள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பையன் பெயர் என்ன என்று கேட்டார்கள். அவள் இரண்டு பெயரையும் சொன்னாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அவள் முன்னால் எந்த வாயை வைத்துக்கொண்டு அழுவது? கைப்பையை இடுக்கிக்கொண்டு தூணோரம் நின்றேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளால் இப்படி அழ முடிகிறதே என்று அதற்கும் அவள்மேல் பொறாமையாக இருந்தது.