சுரண்டிப் பார்க்கவும்

மின்கம்பி இழுக்கிற கம்பெனிகளும் எரிவாயுக் குழாய் பதிக்கிற கம்பெனிகளும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. செங்கல்பட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் அதன் மாவட்ட அலுவலகம். சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு முழம் கம்பியும் கிடையாது, ஒரு சாண் குழாயும் கிடையாது. இருப்பது இரண்டு மேசை, சுருட்டி வைத்த பேனர்கள், அப்புறம் ஜெபக்குமாராகிய நான். பதவிப் பெயர் ஒருங்கிணைப்பாளர். உறுப்பினர்கள் சண்டை போடும்போது நடுவில் நின்று டீ ஊற்றுகிறவன் என்று அர்த்தம்.

போன மாதச் சண்டை ஒரு அட்டையைப் பற்றியது. கடற்கரைப் பக்கம் புதிதாகக் குழாய் பதித்திருக்கிறார்கள். கசிந்தால் என்ன வாசனை வரும் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமே. அதற்காக ஒரு மஞ்சள் அட்டை அடித்தோம். மூலையை நகத்தால் சுரண்டினால் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று வரும். இதில் யார் நம்பரைப் போடுவது? எரிவாயுக் கம்பெனி தன் அவசர நம்பர்தான் என்றது. எங்கள் நம்பர் இல்லாத அட்டையில் எங்கள் பெயரும் வேண்டாம் என்றது மின் கம்பெனி. இரண்டு கூட்டம் போட்டோம், முந்திரி பக்கோடா தீர்ந்தது. கடைசியில் செயலாளர் நடுநிலையாக ஒரு முடிவு எடுத்தார்: அட்டையிலும் பேனரிலும் சங்கத்தின் நம்பரைப் போடுவோம். சங்கத்தின் நம்பர் என்றால் என் சட்டைப் பையில் இருக்கிற போன். கைதட்டலை ஆரம்பித்து வைத்ததே நான்தான்.

அட்டைகள் புதுப்பட்டினத்தில் வீடு வீடாகப் போயின. அதோடு என் தூக்கமும் போனது. "சார், வாசனை வருது" என்று ஊரே கூப்பிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அட்டையை டீச்சர் நாற்காலிக்கு அடியில் ஒட்டியிருந்தார்கள். சதாசிவம் என்று ஒரு பெரியவர் அட்டையைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏற, கண்டக்டர் வண்டியை நிறுத்தி அத்தனை பேரையும் இறக்கிவிட்டார். எரிவாயுக் கம்பெனியின் அவசரப் பிரிவு வெங்கடேசன் ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடினார். ஒவ்வொரு தடவையும் அட்டையோடு திரும்பினார்.

"ஜெபா, இனிமே நீயே விசாரிச்சிட்டு சொல்லு. அட்டைக்கெல்லாம் அலறிகினு வர முடியாது மச்சான். ஊரே சிரிக்குது" என்றார்.

விசாரிக்கத்தான் செய்தேன். முதல் நாலைந்து பேரை.

வியாழக்கிழமை காலை ஒரு அம்மாள் கூப்பிட்டார்.

"அலோ, கேஸ் ஆபீசா? பஸ் ஸ்டாண்டு பேனர்ல நம்பரு பாத்தேன். வூட்டுக்குள்ள முட்ட நாத்தம் அடிக்குது சாரு. சிலிண்டரு மூடிதான் கீது."

"பேரு, தெரு சொல்லுங்கம்மா."

"ரெபேக்காள். புதுப்பட்டினம் கெணத்துத் தெரு. மெஸ் வெச்சிகினு கீறேன். மதியம் நாப்பது பேரு சாப்பிட வருவாங்க, இன்னும் உலையே வெக்கல."

"பயப்படாதீங்க. அது மஞ்சள் அட்டை வாசனை."

"இன்னா அட்டை?"

"பசங்க யாராவது சுரண்டியிருப்பாங்க. தேடி எடுத்து, கவர்ல போட்டுக் கட்டி வெளியே வெச்சிடுங்க. அப்புறம் தாராளமா அடுப்பைப் பத்த வைங்க."

"நெசமாவா?"

"நான்தான் சொல்றேனே."

"ஆபீசரே சொல்லிட்ட, அப்புறம் இன்னா. நல்லா இருப்ப நைனா."

ஆபீசர் என்று என்னை யாரும் சொன்னதில்லை. அந்தக் குஷியில் கீழே போய் ஒரு முட்டை பப்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன். நிதானமாகச் சாப்பிட்டேன்.

மேலே வந்தால் தனகோடியக்கா ஒரு கட்டு அட்டையோடு நிற்கிறார். வீடு வீடாக அட்டை கொடுத்தவர் அவர்தான்.

"மிச்சம் தம்பி. கெணத்துத் தெருவுது."

"அது எப்படிக்கா மிஞ்சும்?"

"அங்க எங்க போவ முடிஞ்சிது? கால்வா கட்டறேன்னு பொக்லைன் வுட்டு தெருவையே தோண்டிப் போட்டுகீறான். நான் இன்னா தாண்டிக் குதிப்பனா?"

அந்தத் தெருவுக்கு அட்டையே போகவில்லை. பொக்லைன் போயிருக்கிறது. நான் ஒரு அம்மாளிடம் அடுப்பைப் பத்த வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ரெபேக்காள் நம்பரை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினேன். பாதியில்தான் உறைத்தது: கசிவு இருக்கிற வீட்டில் போன்கூட ஆகாது என்று பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிறவனே நான்தான். நெருப்பைத் தொட்டவன் மாதிரி போனை கட் பண்ணினேன்.

வெங்கடேசனைப் பிடித்தேன். "மறுபடியும் அட்டையா?" என்று சிரித்தார்.

"இல்ல அண்ணாத்த. கெணத்துத் தெருவுக்கு அட்டையே போகல. பொக்லைன் தோண்டுதாம்."

சிரிப்பு நின்றது. "வால்வ மூடச் சொல்றேன். நான் கோவளத்துல கீறேன், வர நேரமாவும். யாரையாவது அனுப்பி அந்தம்மாவ வெளிய கூட்டு."

தனகோடியக்கா அதற்குள் தன் நாத்தனாருக்குப் போன் போட்டுவிட்டார். வேண்டா என்று பெயர்; புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்.

"வேண்டா, கெணத்துத் தெரு மெஸ்ஸு தெரியுமில்ல? ஓடு. அடுப்பு பத்த வெக்காதன்னு சொல்லி அந்தம்மாவ வெளிய இஸ்தாந்துடு. யார்கிட்டடி வெல பேசிகினு கீற? வஞ்சிரம் எங்கயும் நீந்திப் போவாது, ஓடுடி!"

பைக்கை எடுத்தேன். அக்கா பின்னால் ஏறிக்கொண்டார். திருக்கழுக்குன்றம் தாண்டுகிற வரை பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொல்லப் பார்த்தேன். வாயில் வந்தது சங்கத்தின் குறிக்கோள் வாசகம்: 'பாதுகாப்பே எங்கள் முதல் இணைப்பு.' எழுதியது யார் என்று கேட்க வேண்டாம்.

"வேண்டா போன எடுக்கல தம்பி" என்றார் பின்னாலிருந்து.

"ஏன்க்கா?"

"மீன் கூடையில போட்டுட்டு ஓடியிருக்கும்."

"இல்லன்னா?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

கிழக்கே பனைமரங்களுக்கு மேல் கறுப்பாகப் புகை எழுந்தது. வண்டி மண்ணில் இறங்கி ஏறியது. கிட்டே போனால் ஏரிக்கரையில் யாரோ டயரைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஆயுசில் முதல் தடவையாக டயர் எரிக்கிறவனைக் கும்பிடத் தோன்றியது.

கிணற்றுத் தெரு முனையில் கயிறு கட்டியிருந்தது. அட்டையில் வருவது மாதிரி இல்லை அந்த நாற்றம், தொண்டைக்குள் இறங்கியது. குழாயில் பொக்லைன் பல் பட்டிருந்தது. அதிலிருந்து வந்தது மண்ணுக்கடியில் ஊர்ந்து நேரே மெஸ் சமையல்கட்டுக்குள் புகுந்திருக்கிறது. வால்வை மூடியிருந்தார்கள். நேரமாகும் என்ற வெங்கடேசன் எங்களுக்கு முன்னாலேயே வந்து, முழங்கால் வரை சேற்றோடு பள்ளத்தில் நின்றார்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் சிறுபாலத்தின் மேல், வெறுங்காலோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மீன் செதில் ஒட்டிய கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி வேண்டா, இன்னும் விடாமல்.

"ரெபேக்காம்மா? அடுப்பு..."

"நீதான் அந்த ஆபீசரா? எப்டி பத்த வெக்கிறது? அட்டைய எடுத்து வெளிய வெச்சிட்டுத்தான் பத்த வெக்கணும்னு சொன்ன இல்ல? கட்டிலுக்கு அடியில, அரிசி மூட்டைக்குப் பின்னால, பைபிளுக்குள்ளகூடத் தேடிட்டேன். தலகாணி உறைய அவுத்துகினு இருக்கசொல்ல போனு வேற அடிக்குது. எடுக்க எங்க நேரம்? அதுக்குள்ள இந்தப் பொண்ணு வந்து தரதரன்னு இஸ்தாந்துடுச்சி. எங்கதான் நைனா கீது அந்த அட்டை?"

பாலத்தின் மேல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க வீட்டுக்கு அட்டையே வரலம்மா. கேக்காமலே சொல்லிட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேனர்ல பாத்தேன்னு சொன்னனே. காது எங்க வெச்சிருந்த? எம் பொண்ணு ஜாய்ஸு உள்ரூம்ல ஜுரத்துல படுத்துகினு இருந்துதுடா."

நைனா போய் 'டா' வந்திருந்தது. அதுகூட அதிக மரியாதைதான் எனக்கு. எதிர் வீட்டு நிழலில், போர்வை சுற்றிய ஒரு பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது என் போன் அடித்தது.

"சார், சதாசிவம் பேசறேன். மறுபடியும் வாசனை. அட்டையாத்தான் இருக்கும், சும்மா உங்க காதுல போட்டு வெப்போம்னு..."

"இருக்கட்டும் ஐயா. எல்லாரும் வெளியே வந்துடுங்க. சுவிட்சு, அடுப்பு எதையும் தொடாதீங்க. ஆள் வராங்க."

பள்ளத்துக்குள் வெங்கடேசன் தலையில் அடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் சேறு. ஆனாலும் ஒரு ஆளைக் கைகாட்டி அனுப்பினார்.

"மொதல்லயே இப்டி சொன்னா வாய் வலிக்குமா?" என்றார் ரெபேக்காள்.

தெரு முனையில் வேன் வந்து நின்றது. மதியச் சாப்பாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி, கயிற்றைப் பார்த்துத் திகைத்தார்கள். ரெபேக்காள் எழுந்து சேலையை உதறினார்.

"இன்னிக்கி உல வெக்கல" என்று அவர்களிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு என்னைக் கை காட்டினார். "ஏன்னு இதோ, ஆபீசரு சொல்லுவாரு."