மூன்றாவது விளக்கு

அரபு நாட்டில், தம்மாமில் பல வருஷம் கடை வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய நூகு, பத்தமடைக்குப் பக்கத்தில் கால்வாயை ஒட்டி நிலம் வாங்கி ஏத்தன் வாழை போட்டிருந்தார். சொட்டுநீர்க் குழாய் இழுத்து, தானாகவே தண்ணீரைத் திறந்து மூடும் பெட்டி ஒன்றையும் மோட்டார் ரூம் சுவரில் மாட்டவைத்தார். தோட்டத்துக்கு நான்கு வால்வு, பெட்டியில் நான்கு விளக்கு. பச்சை எரிந்தால் அந்தப் பகுதிக்குத் தண்ணீர் போகிறது. சிவப்பு எரிந்தால் அந்த வால்வுக்குப் போகிற வயரில் கோளாறு. பெட்டியை மாட்டிய வண்ணார்பேட்டைக் கடைக்காரர் இசக்கிதுரை இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மூன்றாவது பகுதியில் வாழை வாட ஆரம்பித்தது. குழாயில் சொட்டுக்கூட வரவில்லை. நூகு இசக்கிதுரைக்குப் போன் போட்டார்.

“லைட்டு என்ன கலர்ல எரியுது அண்ணாச்சி?”

“நாலும் பச்சைதாம்வே.”

“பச்சைன்னா பெட்டியில ஒண்ணுமில்ல. குழாய்ல மண்ணு அடைச்சிருக்கும். கழுவிவிடுங்க.”

கழுவிவிட்டார். வடிகட்டியைக் கழற்றித் தேய்த்தார். மறுபடி போன், மறுபடி அதே கேள்வி, அதே பதில். கடைசியில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றத் தொடங்கினார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். மனைவி மும்தாஜ் பேகத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“நாளைக்கு நானும் வாரேன்.”

“வெயிலு கொளுத்துது. நீ வந்து என்ன செய்யப்போற?”

“ஒண்ணும் செய்யல. உங்ககூட நிக்கேன்.”

மறுநாள் காலை ஸ்கூட்டரில் போய் இறங்கியதும் மும்தாஜ் நேரே பெட்டியின் முன்னால் போய் நின்றாள்.

“மூணாவது சிவப்பால்லா எரியுது!”

நூகு எட்டிப் பார்த்தார். “பச்சைதான். கொஞ்சம் மங்கலா இருக்கு. பல்பு போகப்போவுதுன்னு நெனச்சேன்.”

விளையாடுகிறார் என்று நினைத்துத் திரும்பினாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. கிணற்றோரம் கவிழ்ந்து கிடந்த சிவப்பு வாளியைக் காட்டினாள்.

“அது என்ன கலரு?”

“காப்பிக் கலரு. ஏன்?”

“ரோட்டுல சிக்னலு எப்படிப் பாக்கிய?” என்று கேட்டாள்.

“மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போணும். எல்லாரும் அப்படித்தான?”

“இல்லங்க,” என்றாள் பைய.

நூகு மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்துவிட்டார். “எனக்குக் கண்ணுல கோளாறா மும்தாஜ்?”

“கோளாறு வயர்லதான். எந்திரிங்க, பாப்போம்.”

அவர் எழவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். “உன் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிட்டு வந்தேனே, பச்சைச் சேலை…”

மும்தாஜ் முந்தானையைத் திருகினாள். “அது செங்கல் கலரு.”

“நீ பச்சையில்லா கேட்ட?”

“ஆமா.”

“பின்ன ஏன் சொல்லல?”

“சேலைப் பெட்டியத் தொறந்து அத விரிச்சுக் காட்டுனியளே, அப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். பொறவு எப்படிச் சொல்ல?”

நூகு அவளையே பார்த்தார். கல்யாண வீட்டில் இரண்டு நாளும் அவள் அந்தச் சேலையோடுதான் நின்றாள். எல்லோரிடமும் பச்சைச் சேலை, பச்சைச் சேலை என்று இவர்தான் காட்டிக்கொண்டு திரிந்தார். அதை நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் மும்தாஜே இசக்கிதுரைக்குப் போன் போட்டாள். “தம்பி, மூணாவது சிவப்பா எரியுது.”

“நேத்து வரைக்கும் பச்சைன்னாவளே அக்கா?”

அவள் தயங்கினாள். நூகு போனை வாங்கிக்கொண்டார். “எனக்கு ரெண்டு கலரும் ஒண்ணுபோலத்தான் தெரியுதாம்வே.”

“எங்க சித்தப்பாவுக்கும் அப்படித்தான் அண்ணாச்சி. நான் முதல்லயே கேட்டிருக்கணும். மெயின அமத்திட்டு வால்வு மூடியத் தூக்கிப் பாருங்க.”

மூடிக்கு அடியில் எறும்பு புற்றுக் கட்டியிருந்தது. வயர் இணைப்பு விட்டுப்போயிருந்தது. மும்தாஜ் மண்ணைத் தட்டிவிட்டு, “இது சிவப்பு, இது கருப்பு” என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நூகு முனையைச் சீவி முறுக்கி டேப் சுற்றினார். மெயினைப் போட்டதும் குழாய் உஸ்ஸென்று இழுத்தது. காய்ந்த தூர்களில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. நூகு குனிந்து உள்ளங்கையில் அதை ஏந்தினார்.

சாயங்காலம் இசக்கிதுரை வந்து, கோளாறு என்றால் விளக்கு விட்டுவிட்டு மின்னும்படி மாற்றிக் கொடுத்தார். ஓரத்து வாழைகள் சில பிழைக்கவில்லை. மற்றவை புதுக்குருத்து விட்டன.

வயரைச் சரிசெய்த அன்று வீடு திரும்பும்போது வழி நெடுக நூகு கேட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பஸ் என்ன கலரு? அந்தக் கதவு? அந்தக் கோரைப்பாயில ஓடுத கோடு? மும்தாஜ் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க. வீட்டுக்குப் போயி மிச்சத்தச் சொல்லுதேன்.”