திரும்பி வரும்போது வாங்கிக்கிறேன்

கோடை சீசனில் மலைமேல் ரோட்டோரம் காய்கறியும் பழமும் விற்கிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ பொய் கேட்கிறார்கள். "போன வாரம் பாதி விலைக்குத்தானே குடுத்தீங்க" என்பது ஒன்று. "எங்க வீட்டுலயே மரம் நிக்குது" என்பது இன்னொன்று. ஆனால் இருப்பதிலேயே இனிப்பான பொய், வண்டியை விட்டு இறங்காமல், கண்ணாடியைக் கால்வாசி இறக்கிச் சொல்கிற பொய்தான்: "திரும்பி வரும்போது வாங்கிக்கிறேன்." சொன்ன ஆசாமி அதே வழியாகத்தான் திரும்புவார். கடை கண்ணில் பட்டதும் ஆக்சிலேட்டரை மிதிப்பார்.

இந்த வித்தையில் ஞானவேலை மிஞ்ச ஆள் கிடையாது. செண்பகனூரில் குடியிருந்து, சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்துக்கொண்டு, கூக்காலுக்கும் மன்னவனூருக்கும் போய் கேரட், பீன்ஸ், பூண்டு ஏற்றிவந்து டவுனில் இறக்குவது அவன் பிழைப்பு. வழியெல்லாம் உள்ள கடைக்காரப் பெண்களுக்கு அவனைத் தெரியும். பட்டர் ஃப்ரூட் விற்கிறவளிடமும் அதைச் சொல்வான், தாட்பூட் பழம் விற்கிறவளிடமும் அதையே சொல்வான். மனசில் கள்ளம் எதுவும் கிடையாது. 'வேண்டாம்' என்று சொல்லி ஒரு முகம் வாடுவதைப் பார்க்க அவனால் ஆகாது, அவ்வளவுதான்.

அவன் மனைவி மகாதேவிக்கோ அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கல்யாணத்துக்கு முன்னால் பூம்பாறை ரோட்டில் பூண்டு விற்று நின்றவள் அவள். ஒருத்தர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனால், நல்ல பூண்டாகப் பொறுக்கித் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்து வந்து கேட்டவரிடம் "அது வித்துப்போச்சுங்க" என்று சொல்லிக் காத்துக்கிடந்த மடத்தனத்தை நினைத்தால் இன்னமும் அவளுக்கு ஆறாது. இப்போது வட்டக்கானலில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் அவள் பொறுப்பு. வேண்டுமென்றால் வாங்குவாள். இல்லையென்றால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

இந்த மே மாதம் விடுதிக்காரர் ஜாம் போடச் சொல்லியிருந்தார். டவுனில் பிளம்ஸ் விலை கண்ணைக் கட்டியது. "என்கூட வா, மேல ரோட்டோரக் கடையில நல்லதாப் பாத்து வாங்கித் தர்றேன்" என்றான் ஞானவேல். வெள்ளனே கிளம்பினார்கள். பூம்பாறையைத் தாண்டியதும் மேகம் ரோட்டுக்கு இறங்கிவிட்டது. தைல மரங்களில் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. கூக்காலுக்குப் போகிற வழியில் ஒரு வளைவில் நீலத் தார்ப்பாய் கட்டிய கடை ஒன்று இருந்தது. அங்கே வண்டியை நிறுத்தினான்.

கடையில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது என்றாலும் சரி, அறுபது என்றாலும் சரி என்கிற மாதிரி முகம். முன்னால் கூடையில் பிளம்ஸ், பிச்சீஸ் பழம், இரண்டு கட்டு பூண்டு. ஆனால் மகாதேவி பார்த்தது அதையல்ல. தார்ப்பாய்க்கு அடியில் கொடி கட்டி, பழைய சேலைத் துணியில் தைத்த சுருக்குப் பைகளை வரிசையாகத் தொங்க விட்டிருந்தாள் அந்தப் பொம்பளை. ஐம்பதாவது இருக்கும். ஒவ்வொன்றும் வாய் இறுகக் கட்டி, பழம் நிறைந்து கனத்துத் தொங்கின. காற்று கொஞ்சமும் இல்லை, ஆனாலும் சில பைகள் மட்டும் லேசாக ஆடின.

யார் இந்தப் பொம்பளை என்று மகாதேவி மெதுவாகக் கேட்டாள். பூம்பாறைக்காரி, உனக்குத் தெரியாதா என்றான் ஞானவேல். பூம்பாறையில் மகாதேவிக்குத் தெரியாத முகம் ஒன்று கிடையாது. இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

அதற்குள் அந்தப் பொம்பளை ஞானவேலைப் பார்த்து, உங்க பை எடுத்து வச்சது அப்படியே இருக்கு என்றாள். அவன் தலையைச் சொறிந்தான். வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது. "திரும்பி வரும்..." என்று ஆரம்பித்தவனை மகாதேவி முடிக்க விடவில்லை.

பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். இப்படிச் சொல்லிச் சொல்லி எத்தனை பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வீர்கள், குளிரில் உட்கார்ந்திருக்கிறவள் என்ன உங்களுக்கு விளையாட்டுப் பொம்மையா, போன கார்த்திகையில் வண்டி உருண்டதே, அதெல்லாம் இந்த மாதிரி வாய்க்குத்தான் வருகிறது என்று மூச்சு விடாமல் பொரிந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் ஞானவேல் ஆடிப்போனான். இருபது வருஷத்தில் அவன் தாங்காத ஒன்று உண்டென்றால் அது மகாதேவி அழுவதுதான். அவள் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தான்.

"உன் மேல சத்தியம், மகாதேவி. இனி அந்த வார்த்தை என் வாயில வராது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையைத் தட்டிவிட்டு, போய் லோடு ஏற்றுகிற சோலியைப் பாருங்க, நான் வாங்கிக்கொண்டு கீழே போகிற பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்றாள். அவன் போனான். வண்டியின் சிவப்பு விளக்கு நாலு எட்டு தூரத்துக்குள் மேகத்தில் கரைந்துபோனது.

மகாதேவி ஜாமுக்கு வேண்டிய பழத்தை வாங்கினாள். பிறகு அவன் பையையும் எடுக்கச் சொன்னாள். வீட்டுக்காரன் சொன்ன சொல்லுக்கு வீட்டுக்காரி பொறுப்பு என்பது அவள் நினைப்பு. அந்தப் பொம்பளை எழுந்திருக்கவில்லை.

"இது அவுக திரும்பி வர்றதுக்குன்னு எடுத்து வச்சது தாயி. நீங்க கொண்டு போயிட்டா, அவுக திரும்பி வர சோலி இல்லையே."

குத்திக்காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டாள் மகாதேவி. குத்திக்காட்ட அவளுக்கு உரிமை உண்டுதான். இவளும் கடை போட்டவள், தெரியாதா. பரவாயில்லை, அவருக்குப் பதிலா நான் வாங்கிக்கிறேன் என்று காசை நீட்டினாள். அந்தப் பொம்பளை காசை உடனே வாங்கவில்லை. வாங்கத்தான் போகிறீர்களா என்று இன்னொரு தரம் கேட்டாள். ஆமாம் என்றாள் மகாதேவி. அப்புறந்தான் கொடியிலிருந்து ஒரு பையைக் கழற்றிக் கொடுத்தாள்.

பை ஜில்லென்று இருந்தது. வாயை அவிழ்த்துப் பார்த்தாள். பிளம்ஸ் பழங்கள் மேல்பூச்சு கலையாமல், காம்போடும் இலையோடும், இலையில் ஈரத்தோடு இருந்தன. எப்போது எடுத்து வைத்தது என்று கேட்டாள். போன வருசம் சித்திரையில, அவுக முதமுதலாச் சொன்ன அன்னைக்கு, என்றாள் அந்தப் பொம்பளை. போன வாரத்தைத்தான் வாய் தவறிச் சொல்கிறாள் என்று மகாதேவி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பஸ் வரவில்லை. மேலேயிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தது மொக்கைச்சாமி, ஞானவேலுக்குத் தம்பி மாதிரிப் பழகுகிறவன். கூக்கால் ஏரியில் டூரிஸ்ட் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் ஜீப்பாக வந்தான். இறங்கியதும் தன் பையைக் கேட்டு வாங்கினான். வாங்கிய கையோடு, நாளைக்கும் திரும்பி வரும்போது வாங்கிக்கிறேன் என்று சாமி கும்பிடுகிற மாதிரி பவ்யமாகச் சொன்னான். அந்தப் பொம்பளை தலையாட்டிவிட்டு வேறொரு பையில் பழம் போட்டுக் கட்டித் தொங்கவிட்டாள்.

மகாதேவிக்கு வேடிக்கையாக இருந்தது. நல்லாத்தான் இருக்கு உங்க கூத்து, உங்க அண்ணன் சொன்னதுக்கு நான் வாங்கித் தொலைச்சிருக்கேன் என்று பையைத் தூக்கிக் காட்டினாள்.

மொக்கைச்சாமியின் முகத்தில் ரத்தம் வற்றியது. "மதினி, அத நீங்க ஏன் வாங்குனீங்க?"

அவன் விவரம் சொன்னான். இரண்டு வருஷம் முன்பு பிரேக் போய் அவன் ஜீப் பள்ளத்தில் விழுந்தது. வண்டி தகரமாகிப்போனது, அவன் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் ஏறி வந்தான். அன்றைக்குக் காலையில் இந்தக் கடையில் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். இந்தப் பொம்பளையிடம் சொன்னவர்கள் எப்படியும் திரும்பி வந்துவிடுவார்கள், இந்த ரோட்டில் ஓட்டுகிற எல்லோரும் வேண்டுமென்றேதான் சொல்வோம் என்றான். ஞானவேல் அண்ணனுக்கு அது தெரியாது. அவர் பாட்டுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார், அதுதான் கார்த்திகையில் அவரைக் காப்பாற்றியது. ஆனால் சொன்னவரேதான் வாங்க வேண்டும். தாண்டிக்குடிக்காரர் ஒருத்தருக்குப் பதிலாக அவர் சம்சாரம் பையை வாங்கிக்கொண்டு போனாள். அந்த மனுஷனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கார்த்திகையில் ஞானவேல் பிழைத்ததற்குப் பூம்பாறைக் கோயில் குழந்தை வேலப்பர்தான் காரணம் என்று மகாதேவி மொட்டையே போட்டிருந்தாள். ஓடிப்போய்ப் பையை அந்தப் பொம்பளையின் மடியில் வைத்தாள். எடுத்துக்கோ, எனக்கு வேண்டாம், காசும் வேண்டாம் என்றாள். அவள் பையை மெதுவாக எடுத்துத் திரும்ப மகாதேவியின் கையிலேயே கொடுத்தாள்.

"வித்தத திருப்பி வாங்குறதில்ல தாயி. அவுக வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். எங்க இருந்து சொன்னாலும் சரி, புதுசா எடுத்து வைக்கிறேன்."

சொல்லிவிட்டு வெறும் பை ஒன்றை எடுத்து வாயை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

மகாதேவி போனை எடுத்தாள். அந்த ரோட்டில் டவர் கிடைப்பதே அதிர்ஷ்டம். ரிங் போனது. அவன் எடுத்தான். மேகம் அடைச்சுக் கெடக்கு, லைட்டைப் போட்டு ஊர்ந்து போய்க்கிட்டு இருக்கேன் என்றான். அவள் ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கடைக்காரியின் பக்கம் நீட்டினாள்.

"ஏங்க, ஒண்ணும் கேக்காதீங்க. திரும்பி வரும்போது வாங்கிக்கிறேன்னு சொல்லுங்க. வெரசாச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். என்னைச் சோதிச்சுப் பாக்குறியா என்றான். இல்லை, சத்தியமா இல்லை, நான்தான் சொல்லச் சொல்றேன், உங்க கால்ல விழுறேன் என்று கெஞ்சினாள். மொக்கைச்சாமியும் குனிந்து, அண்ணே சொல்லுங்கண்ணே, விவரம் அப்புறம் சொல்றேன் என்று கத்தினான்.

அப்புறம் ஞானவேல் பேசினான். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"உன் தலையில கைய வச்சுச் சொல்லிட்டேன் மகாதேவி. நான் அத மீறி, உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? வேற என்ன வேணா கேளு, சொல்றேன். இது மட்டும் மாட்டேன்."

எனக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் பரவாயில்லை, சொல்லுங்க என்று அவள் அழுதாள். அழாதே, அழாதே என்றான் அவன். பிறகு யாரிடமோ பேசுகிற மாதிரிக் குரல் மாறியது. "யாரோ ரோட்டுக்கு நடுவுல நிக்கிறாப்ல இருக்கு. இரு, எறங்கிப் பாத்துட்டு..."

'வர்றேன்' என்ற சொல் வருவதற்குள் லைன் போய்விட்டது. அந்தப் பொம்பளை விரித்துப் பிடித்திருந்த பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அவுகளக் கோவிச்சுக்காதீக தாயி, உங்களுக்காகத்தான் சொல்லல என்றாள்.

மொக்கைச்சாமி ஜீப்பைத் திருப்பினான். மகாதேவி பையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து, வேலப்பா, வேலப்பா என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனாள். நாலைந்து வளைவு தாண்டியதும் மேகத்துக்குள் இரண்டு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. பிக்கப் ரோட்டின் நடுவில் நேராக நின்றது. ஒரு கீறல் இல்லை. டிரைவர் பக்கக் கதவு திறந்திருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. போன் சீட்டில் கிடந்தது. சீட்டில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது.

அந்த இடத்தில் பள்ளம் கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கேரட் விதைத்த சமதரைத் தோட்டம். மொக்கைச்சாமி தோட்டத்துக்குள் இறங்கி அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். தண்ணீர் பாய்ச்சிய புது மண்ணில் அவன் கால் பதிந்த தடம் தவிர வேறு தடமே இல்லை. தோட்டத்தில் வேலையாக இருந்த நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது, யாரும் இறங்கி வரவில்லை என்று ஒரே மாதிரிச் சொன்னார்கள். பின்னால் கூக்கால் பஸ் வந்து ஹாரன் அடித்தது. வழி விட வேண்டும், வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிடலாம் என்று ஒருத்தர் சாவியின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

மகாதேவி அந்தக் கையைப் பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"அணைக்காதீங்கய்யா. இப்பத்தான் எறங்கிப் போயிருக்காரு."