பழைய அளவு

வெட்டுமேசையின் மேல் சட்டைத் துணியை விரித்துவிட்டு நாத்தனார் சொன்னாள்: "பழைய அளவுலயே வெட்டுங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை அண்ணன் இதைப் போட்டுக்கிட்டுத்தான் சபையில சாட்சி சொல்லப்போறாரு."

தையல்காரிக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. துணியைக் குறை சொல்ல முடியாது. வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு, கை வைத்தால் வழுக்கியது. ஆனால் பழைய அளவு என்றால் அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்து அளவு. நீங்க வாசல்ல நின்னா வீட்டுக்குள்ள வெளிச்சமே வராது என்று அவளே கேலி செய்த மார்பு. இப்போது உள்ளறைக் கட்டிலில் கிடக்கிற மனுஷனைத் தினமும் துடைத்துவிடுகிறவள் அவள்தான். எந்த எலும்பு எங்கே துருத்துகிறது என்று அவளைக் கேட்டால் சொல்லுவாள். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வலி தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதைச் சபையார் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாஸ்டர் ஸ்தோத்திர ஆராதனை என்று அறிவித்தே விட்டார். கட்டிலில் கிடக்கிறவருக்குச் சுகம் கிடைத்துவிட்டதற்கு நன்றி சொல்லும் ஆராதனையாம். நன்றி முன்னால் போகவேண்டுமாம், சுகம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளுமாம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாவு என்ற பேச்சுக்கே தடை. அது அவிசுவாசம், வருகிற சுகத்தைத் துரத்திவிடும். ஒருநாள் அவர் மெல்ல, "எனக்கப்புறம்..." என்று தொடங்கினார். அவ்வளவுதான். நாத்தனார் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள். "வாயால அப்படி அறிக்கை பண்ணாதேண்ணா, பலிச்சிரும்!" என்று அழுதுகொண்டே ஒரு பாட்டை எடுத்தாள். இன்னொரு தரம் பாஸ்டரிடமே தொடங்கிப் பார்த்தார். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபத்துக்குள் போய்விட்டார். தையல்காரி மட்டும் ஒழுங்கா? அவளும் ஒருமுறை "சும்மா இருங்க" என்று அதட்டியவள்தான். பிறகு அவர் பேசுவதையே விட்டுவிட்டார். மூச்சும் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு வார்த்தை சொல்லி, நின்று, இளைப்பாறி, அடுத்த வார்த்தைக்குப் போகவேண்டியிருந்தது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத்தான் இந்த மனுஷன் போகப்போகிறாரா? அதை நினைத்தபோதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்டவர் மேல் இல்லை. ஆண்டவரைச் சாக்காக வைத்து ஒருத்தர் வாயை அடைக்கிறார்களே, இவர்கள் மேல்.

அன்று மாலை முன்னறையில் ஜெபக்கூட்டம். தையல் மெஷினை மூலைக்குத் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். தையல்காரி டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களைக் கடந்து உள்ளறைப் பக்கம் நடந்தாள்.

"எங்க சிஸ்டர் போறீங்க?" என்றார் பாஸ்டர்.

"அளவெடுக்க."

"அளவுதான் உங்ககிட்ட இருக்கே. கண்ணால பாக்கிறதை வச்சுத் தைக்காதீங்க. விசுவாசத்தால தைங்க."

"விசுவாசத்தால தைச்சா சட்டை தொளதொளன்னு தொங்கும் பாஸ்டர். அப்புறம் எல்லாரும் தையல்காரியத்தான் திட்டுவாங்க."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். நாத்தனார் எழுந்துவிட்டாள். "அண்ணன் சாகணும்னே நினைக்கிறீங்களா அண்ணி?"

தடை போட்டவளே அந்தப் பேச்சை எடுத்துவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது போல. வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அப்பா முகம் அறியாத அவளைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியவர் அண்ணன்தான். அது தையல்காரிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கோபம் தணியவில்லை.

"ஆண்டவரே சிலுவையில தொங்கும்போது, தன் அம்மாவை யார் பாத்துக்கணும்னு சொல்லிட்டுத்தான் போனார். மூணாம் நாள் எழுந்திரிக்கப் போறவரு அவரு! அவரு வாயை யாரும் பொத்தலையே. என் வீட்டுக்காரர் வாயை மட்டும் ஏன் பொத்துறீங்க?"

பாஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். அவள் நின்று கேட்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அவர் விழித்துத்தான் இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். மெல்லிய பலகைக் கதவு. முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தாள். எண்ணைப் பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை.

"என்ன... ஸ்கூல் பையன் சைஸா?" என்றார்.

"பேசாம..." பழக்கத்தில் வந்ததை நாக்கைக் கடித்து நிறுத்தினாள். "இல்ல. பேசுங்க. என்னவோ சொல்ல வந்தீங்களே, அதைச் சொல்லுங்க."

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "உயிர்த்தெழுவேன்னு... நம்புறேன். சத்தியமா நம்புறேன். அதுக்கு முன்னாடி... சாகணும்ல? அதுக்கு மட்டும்... ஒருத்தரும் விடமாட்டேங்கிறீங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிறைந்துவிட்ட கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. இரண்டு கையும் அவரைத் தாங்கியிருந்தன.

"பயமாவும் இருக்கு" என்றார். "நம்பிக்கையும்... பயமும். ரெண்டும் இருக்கலாமா?"

"இருக்கட்டுமே. எனக்கும் ரெண்டும்தான் இருக்கு."

"அண்ணி! கதவைத் திறங்க! உள்ள என்ன பேசுறீங்க?" நாத்தனார் கதவைத் தட்டத் தொடங்கினாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தையல்காரி அவரைத் தலையணையில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். முதுகைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, பாதத்தைக் கட்டில் காலில் ஊன்றிக்கொண்டாள். தட்டல் இடியாக மாறியது.

"சொல்லுங்க. என்ன செய்யணும்?"

அவர் கண் கதவின் மேலேயே இருந்தது. "முதல்ல... தங்கச்சி. அவளுக்கு... யாருமில்ல. நீதான்... பாத்துக்கணும்."

கதவு அவள் முதுகில் மோதியது. இவளையா? என்று நெஞ்சுக்குள் கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னொரு இடி, அதற்குப் பிறகு ஒன்று, வலுவில்லாமல். பிறகு பலகை மேல் ஏதோ உரசிக்கொண்டு கீழே இறங்கியது. அழுகைச் சத்தம் இப்போது அவள் காதுக்கு நேராக, பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

"சரி" என்றாள் அவரிடம், கதவை விட்டு நகராமல். "அடுத்தது சொல்லுங்க."