வரிசையில் இரண்டாவது

மலையேறும் நாளில் ஹிசாயோவை யாரும் இன்னாருடைய மனைவி என்று அறிமுகப்படுத்துவதில்லை. மாதத்தில் ஒரு நாள், நான்கு பெண்கள், ஒரு கார், குஜூ மலைத்தொடரில் ஏதாவது ஒரு முகடு. அந்த ஒரு நாளின் காற்றை வைத்துக்கொண்டுதான் மற்ற நாட்களில் அவள் மூச்சு விட்டாள்.

இப்போது அந்த நாளுக்குள்ளும் தெய்ஜி வந்துவிட்டார்.

வசந்தத்தில் ஓய்வுபெற்ற நாளிலிருந்து கணவர் வீட்டில் அவள் போகும் அறைக்கெல்லாம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். போன வாரம், "நானும் மலைக்கு வரேனே" என்றார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. காரணம் இருந்தது, சொல்லக்கூடிய காரணமாக இல்லை.

கணவாயில் கார் நின்றதும் தெய்ஜி இறங்கினார். புது பூட்ஸ், புது தொப்பி, இடுப்பில் கரடியை விரட்டும் பித்தளை மணி.

"அண்ணா, இந்தத் தீவுல கரடியே இல்லாமப்போய் எத்தனையோ காலமாச்சே," என்றாள் மருந்துக்கடை தோயோமி.

"கடைக்காரன் சொன்னான், எதுக்கும் இருக்கட்டும்னு."

"அவன் புலி மணியும் வச்சிருந்திருப்பான். கேட்டுப் பாத்தீங்களா?"

குழுவின் இன்னொருத்தி இகு சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த தேநீரைச் சிந்தினாள். தெய்ஜியும் சிரித்தார். அவர் சிரித்ததில் ஹிசாயோவுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இவர்களுக்கு அவரைப் பிடித்துவிடுமோ?

தலைவி நொபுயோ பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். வரிசையை அவள்தான் போடுவாள். "நான் முன்னால. எனக்கு அடுத்து தெய்ஜி சார். அப்புறம் இகு, தோயோமி. ஹிசாயோ, நீ கடைசி."

ஹிசாயோவின் காதுமடல் சூடானது. மலைக்குழுக்களின் வரிசையில் தலைவருக்கு அடுத்த இடம், இருப்பவர்களில் பலம் குறைந்தவருக்கு. அவருடைய மூச்சைக் காதால் கேட்டபடிதான் தலைவர் நடையின் வேகத்தை வைப்பார். கடைசி இடம், தலைவருக்கு அடுத்தபடியாக நம்பிக்கையான ஆளுக்கு. எல்லாரையும் பார்த்துக்கொண்டு வர வேண்டிய வால் அது. இரண்டு வருடம் நொபுயோவின் முதுகைப் பார்த்தே நடந்தவளுக்கு இன்றுதான் வால் கிடைத்திருக்கிறது.

தெய்ஜிக்கு இது எதுவும் தெரியாது. அலுவலகத்தில் தலைவருக்கு அடுத்த நாற்காலி என்றால் துணைத்தலைவர். அவர் தோளை நிமிர்த்திக்கொண்டு மனைவியிடம் குனிந்து, "முதல் நாளே இந்த இடமா? மத்தவங்க தப்பா நினைக்கப் போறாங்க. உன்னைப் போய்க் கடைசில போட்டுட்டாங்களே, பாவம்," என்றார்.

ஒரு வாக்கியம் போதும் என்று ஹிசாயோவுக்குத் தோன்றியது. 'அது துணைத்தலைவர் இடம் இல்லீங்க' என்று எல்லார் முன்னாலும் சொன்னால் மனிதர் அடுத்த மாதம் வரமாட்டார். மலை மறுபடியும் அவளுடையதாகிவிடும். அந்த வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டே அவள் நடந்தாள்.

குட்டைப் புதர்களில் ஊதாச்சிவப்புப் பூக்கள் மண்டியிருந்தன. இடப்பக்கச் சரிவிலிருந்து கந்தகப் புகை எழும்பி, காற்று திரும்பும்போதெல்லாம் அவித்த முட்டை வாசம் வந்தது. தெய்ஜி பதவிக்கான வேலையைத் தொடங்கினார். "பின்னாடி கவனம், கல்லு ஆடுது!" "எல்லாரும் தண்ணி குடிங்க!" இகு ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றாள்.

எதிரே ஒரு பள்ளிக்கூடமே இறங்கி வந்தது. மலையில் எதிர்ப்படுகிறவருக்கு வணக்கம் சொல்லாமல் போகக் கூடாது. மற்றவர்கள் நாலு பிள்ளைக்கு ஒரு வணக்கமாகச் சமாளித்தார்கள். தெய்ஜி ஒரு பிள்ளையையும் விடவில்லை, ஒவ்வொருவருக்கும் தலைகுனிந்து சொன்னார். கடைசிப் பையனும் போய் முடிந்தபோது அவர் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு நிமிஷம் இந்தக் காட்சியைப் பாத்துட்டுப் போலாமே," என்றார் மூச்சுக்கு நடுவில். எதிரே மூடுபனி, காட்சி என்று ஒன்றுமே இல்லை.

தோயோமி திரும்பிக் கிசுகிசுத்தாள். "சொல்லிடவா அக்கா? ரெண்டாவது இடம் யாருக்குன்னு?"

"வேணாம்."

"ஏன்?"

ஏன் என்று ஹிசாயோவுக்கே தெரியவில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக அவரை எதிரில் உட்காரவைத்தே பார்த்துப் பழகிவிட்டாள். பின்னாலிருந்து, இவ்வளவு தூரத்திலிருந்து, பார்த்ததில்லை. நான்கு முதுகுகளில் அது ஒரு முதுகு. ஒவ்வொரு வளைவிலும் அந்த முதுகு திரும்பி, கடைசி ஆள் வருகிறாளா என்று பார்த்துவிட்டு நடந்தது.

உச்சியில் பனி விலகியிருந்தது. அவரவர் பையைத் திறந்தார்கள். ஹிசாயோ கட்டிக்கொண்டுவந்த சோற்றுருண்டையை ஒரு கடி கடித்துவிட்டு தெய்ஜி தொண்டையைச் செருமினார்.

"நொபுயோ அம்மா, ஒரு வேண்டுகோள். இறங்கும்போது என் இடத்தை இவளுக்குக் கொடுங்க. நான் கடைசில வரேன். காலையிலிருந்து பாக்கிறேன், இவ ஒருத்தி தனியா பின்னாடி வர்றது மனசுக்குச் சரியாப் படல."

ஹிசாயோவின் வாயிலிருந்த வாக்கியம் அப்போதுதான் கரைந்துபோயிற்று. ஆனால் நொபுயோ ஆசிரியை. தப்பான விடையைத் திருத்தாமல் விடுவது அவளால் முடியாது.

"சார், அந்த இடத்துல ஹிசாயோ ரெண்டு வருஷம் நடந்து முடிச்சாச்சு. அது எங்கள்ல பலம் கம்மியானவங்களுக்கு. கடைசி இடம் உங்களுக்கு இப்போதைக்குக் கிடைக்காது."

தெய்ஜியின் கை பாதியில் நின்றது. "அப்போ நான்... துணைத்தலைவர் இல்ல?"

"நீங்க சுமை, அண்ணா," என்றாள் தோயோமி அன்பாக.

அவர் முகம் சிவந்தது. காலையில் அவள் விரும்பியது நடந்துவிட்டது. இப்போது அது நடந்திருக்க வேண்டாம் போலிருந்தது. அவர் உருண்டையை மெதுவாகத் தின்று முடித்து, விரலில் ஒட்டிய பருக்கையையும் எடுத்து வாயில் போட்டார்.

"தண்ணி குடிங்கன்னு வேற கத்தினேனே," என்றார். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மனைவியைப் பார்த்தார். "நீ இவ்வளவு பெரிய ஆளுன்னு வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீங்க கேக்கலியே."

கேட்கவில்லைதான் என்பதுபோல அவர் தலையை ஆட்டினார்.

இறங்கும்போது யாரும் சொல்லாமலே தெய்ஜி போய் நொபுயோவின் பின்னால் நின்றுகொண்டார். சரளைச் சரிவில், "முட்டிய விறைக்காதீங்க, சின்னச் சின்ன அடியா வைங்க," என்று ஹிசாயோ பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். வீட்டில் அவள் குரல் அத்தனை உயரம் போனதில்லை. அந்த முதுகு அப்படியே கேட்டுக்கொண்டது.

பாதி வழியில் அவர் நொபுயோவிடம் கேட்டார். "அம்மா, அடுத்த மாசமும் நான் வரலாமா?"

"வாலைக் கேளுங்க," என்றாள் நொபுயோ, திரும்பாமல்.

முன்னால் நான்கு பேரும் நின்றுவிட்டார்கள். ஹிசாயோ அவசரப்படவில்லை. மலை கைவிட்டுப் போய்விடும் என்று காலையில் பயந்தாள். இப்போது இந்த வரிசை முழுவதும் அவள் கண்ணுக்குள் இருந்தது, அவர் உட்பட.

"வாங்க. ஆனா இங்க யாரும் யாருக்கும் சோறு கட்டிக்கிட்டு வர மாட்டோம். உங்க உருண்டைய நீங்களே பிடிச்சுக்கிட்டு வரணும்."

தெய்ஜி நாலைந்து அடி யோசித்துக்கொண்டே இறங்கினார்.

"அரிசிக்குத் தண்ணி எவ்வளவு வைக்கணும்?"

"நடங்க, சொல்றேன்," என்றாள் ஹிசாயோ.