நடுவில் ஒன்றும் இல்லாத படங்கள்

எட்டாவது படத்தைப் பலகையில் குத்தியதும் நாகலக்ஷ்மி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்தால் யாருக்கோ அடி விழப்போகிறது என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடி வகுப்பறை அது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்தரைக்கு, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை இடித்துக்கொண்டு இருபது பேர் உட்காருவார்கள். வக்கீல், பல் டாக்டர், மருந்துக் கம்பெனிக்காரர், கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர். வாரம் முழுக்க வேறு பிழைப்பு, ஞாயிறு மட்டும் கேமரா. படத்தை எடுத்தவர் பெயரைச் சொல்லாமல் குத்த வேண்டும். ஒருவர் எழுந்து முதலில் நல்லதைச் சொல்லி, பிறகு குறையைச் சொல்லி, கடைசியில் என்ன செய்தால் சரியாகும் என்றும் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் பெயர். புகைப்படச் சங்கத்தின் செயலாளர் ஸ்வபன் தா போட்ட இந்தச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவள் நாகலக்ஷ்மி ஒருத்திதான். வங்காளிகள் வாயில் உருண்டு 'லொக்கி தி', அதாவது லக்ஷ்மி அக்கா, ஆகிப்போன அவளுக்கு வங்கியில் மனுக்களைச் சரிபார்க்கிற வேலை. கையெழுத்து விட்டுப்போன இடம் எதுவோ அங்கேதான் அவள் கண் முதலில் போய் விழும். ஒன்பது வருஷமாகப் படங்களையும் அப்படியே பார்த்துவந்தாள். அவள் சொன்ன திருத்தத்தைச் செய்து போட்டியில் பரிசு வாங்கியவர்கள் அந்த அறையிலேயே மூன்று பேர் இருந்தார்கள்.

அந்தப் படத்தில் ஒரு சாம்பல் நிறச் சுவர் இருந்தது. முக்கால் பங்கு சுவர்தான். வலது ஓரத்தில் ஒரு பெண்ணின் பாதி முதுகு, காலிஃபிளவரைப் பிடித்த ஒரு கை. மேலே இடது மூலையில் காக்கையின் வால். அதற்கு முந்தைய இரண்டு படங்களும் இதே ஜாதி. நடுவில் வெறிச்சென்று இருக்கும், ஓரத்தில் எதுவோ தப்பி ஓடிக்கொண்டிருக்கும். நாகலக்ஷ்மி எழுந்து வங்காளியில் சொன்னாள். காலை வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது, சீக்கிரம் எழுந்ததற்குப் பாராட்டு என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் நடு காலி, மூன்று படத்திலும் காலி, பார்க்கிறவர் கண்ணுக்கு உட்கார ஒரு பலகை வேண்டாமா, இடது பக்கம் மூன்றில் இரண்டு பங்கை வெட்டிவிட்டால் அந்தக் கையாவது மிஞ்சும் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிரிப்பு கொடுத்த தைரியத்தில் இன்னொரு வாக்கியமும் வந்துவிட்டது. "எடுத்தவர் பார்க்காமலே எடுத்திருக்கிறார்."

ஸ்வபன் தா பெயரைப் படித்தார். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தவர் இரண்டு மாதமாக வந்துகொண்டிருக்கும் மணிவேல். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கரக்பூரில் பிறந்த ரயில்வே குடும்பம், பூர்வீகம் ஈரோட்டுப் பக்கம் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் அவர் பெஞ்சுகளைத் தொட்டுக்கொண்டு பலகை அருகே வந்தார்.

"நடுவுல ஒண்ணுமே இல்லைன்னீங்களே மேடம், அது எத்தனை பெருசுங்க? கொஞ்சம் கையில காட்டுறீங்களா?"

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தாள். இருந்தாலும் படத்தின் மேல் விரலால் ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினாள். அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. பேசுகிறவர்களைப் பார்க்கத் தெரியாத மனுஷன் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. அவர் தன் விரலை அவள் விரல் போன வழியிலேயே மெதுவாக ஓட்டிப் பார்த்தார். "அவ்ளோதானுங்களா?" என்றார். ஏதோ பெரிய வியாதியைச் சின்னது என்று டாக்டர் சொல்லிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி அந்தக் குரலில். அதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். "அப்பா, சலோ. முன்னால மூணு படி இருக்கு" என்று அவர் முழங்கையைத் தொட்டாள். மகள் பூர்ணிமா. நாகலக்ஷ்மியின் முகத்தில் இருந்த கேள்வியைப் பார்த்துவிட்டு, தமிழையும் வங்காளியையும் கலந்து அவளே சொன்னாள். "அப்பாவுக்கு நடுப் பார்வை போயிருச்சு ஆன்ட்டி. எதை நேராப் பார்த்தாலும் அந்த இடத்துல ஒரு மங்கல் வட்டம். சைடுல மட்டும்தான் தெரியும்."

அன்றைக்கு வீடு வரும் வழியெல்லாம் நாகலக்ஷ்மிக்கு உடம்பு கூசியது. பார்க்காமலே எடுத்திருக்கிறார்! இருபது பேர் முன்னால், சிரித்துக்கொண்டு. சாயங்காலத்துக்குள் ஸ்வபன் தா விஷயத்தைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கை கூப்பிய படங்களும் இதயங்களும் வரிசையாக விழுந்தன. அவள் மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை.

அடுத்த மாதம் மணிவேலின் படங்கள் பலகையில் ஏறியபோது பெயர் சொல்ல அவசியமே இருக்கவில்லை. வக்கீல் 'தாருண்', பிரமாதம் என்றார், பல் டாக்டர் 'அபூர்போ', அபூர்வம் என்றார், கல்லூரிப் பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாகலக்ஷ்மியின் முறை வந்தது. கண்ணாடியைக் கழற்றாமலே எழுந்து, நிறங்கள் மிக நன்றாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மணிவேல் கை கூப்பினார். பிறகு தலை குனிந்துகொண்டார். கூட்டம் முடியும்வரை நிமிரவில்லை.

வெளியே முனையில் டீக்கடை. அவள் வாங்கிக் கொடுத்த மண் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்.

"போன மாசம் என் படத்தைப் பார்த்தீங்க மேடம். இன்னிக்கு என்னைப் பார்த்துட்டீங்க. எல்லாரும் எந்திருச்சு எனக்கு சீட்டு விட்டுக் குடுத்த மாதிரி இருந்துச்சுங்க."

அவள் தன் குவளையைக் கீழே வைத்தாள்.

"நான் லோகோ பைலட்டுங்க. கூட்ஸு பன்னெண்டு வருஷம், சியால்தா லோக்கல் பத்து வருஷம். அதுல என்னன்னா, ரெண்டு தண்டவாளம், ஒரு சிக்னல். கண்ணு அதை விட்டு நகரக் கூடாது. பக்கத்துல ஊரு போகும், குளம் போகும், கல்யாணம் போகும். ஒண்ணையும் பார்த்ததில்லீங்க. அப்புறம் மெடிக்கல்ல ஃபெயிலாக்கி ஆபீஸுல ஒக்கார வச்சுட்டாங்க. நடு போயிருச்சு. சைடு மட்டும் நிக்குது." குவளையை ஆட்டி மிச்சம் இருந்ததைக் குடித்தார். "இத்தனை இருந்துச்சான்னு இருக்குதுங்க மேடம். காலையில வீட்டை விட்டு எறங்கினா ஒரு நாளு பத்தாது. அதத்தான் எடுக்கறேன். கேமராவை நெஞ்சுல தொங்கவிட்டு, மூஞ்சி போற பக்கம் அமுக்குவேன். சரியா வருதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. யாராச்சும் நெசத்தைச் சொல்லோணும்."

தோள்பையிலிருந்து ஒரு தடித்த காகித உறையை எடுத்து நீட்டினார். கரியாஹாட் ஸ்டூடியோ ஒன்றில் போட்ட நாற்பது படங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து நாற்பதையும் பரப்பினாள். இடம் போதாமல் பாதி தரைக்கு இறங்கியது. கணவர் நடராஜன் எட்டிப் பார்த்து "என்ன, வீட்டுலயும் ஆடிட்டா?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனார். கையில் பென்சில், பக்கத்தில் வெள்ளைத் தாள். பழக்கப்படி ஒவ்வொன்றாக எடுத்தாள். சுவர், மூடிய ஷட்டர், தார்ச்சாலை, ஒரு லாரியின் பின்பக்கத் தகரம். நடுவில் ஒன்றும் இல்லை. எழுத ஒன்றும் கிடைக்காமல் பென்சிலை வைத்துவிட்டு, அந்தச் சாம்பல் சுவர்ப் படத்தையே எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அவர் பார்க்கிற மாதிரி பார்த்தால் என்ன என்று தோன்றியது. பார்வையைச் சுவரின் நடுவில் வைத்தாள். கண் உடனே காலிஃபிளவருக்கு ஓடியது. இழுத்து வந்து மறுபடி நடுவில் வைத்தாள். மறுபடி ஓடியது. ஐந்தாறு தடவை இப்படி இழுத்து வந்து கட்டிப்போட்ட பிறகு அது நின்றது.

அப்போதுதான் ஓரங்களுக்கு உயிர் வந்தது. கை காலிஃபிளவரைப் பிடித்திருக்கவில்லை, எடை பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கலாமா வேண்டாமா என்கிற யோசனை முழுக்க அந்த மணிக்கட்டில் இருந்தது. காக்கை பறந்து போகிறது என்று நினைத்திருந்தாள், வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்விளிம்பில், போன மாதம் அவள் பார்க்கவே பார்க்காத இடத்தில், ஈரத் தரையில் ஒரு பஸ்ஸின் சிவப்பு நிழலாடியது. அடுத்த படத்தை எடுத்தாள். மூடிய ஷட்டர், அதைச் சுற்றிலும் ஒரு ரிக்ஷா சக்கரத்தின் பாதி, ஆரக்கம்பியில் சிக்கிய செண்டுமல்லி இதழ், யாரோ ஒருவர் கொட்டாவி விடும்போது தெரியும் கடைவாய்ப் பல், எங்கிருந்தோ தலையை மட்டும் நீட்டிய வெள்ளாடு. பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறாள். இதே கடைத்தெருவில் ஆயிரம் தடவை பை நிறையக் காய் வாங்கியிருக்கிறாள். இந்த ஊரை ஒரு நாளும் பார்த்ததில்லை. முக்கால்வாசிப் படங்களிலும் ஒரு பெரிய மௌனம் நடுவில் உட்கார்ந்திருக்க, அதைச் சுற்றி ஜனங்களும் மிருகங்களும் வெளிச்சமும் வந்து கூடி நின்றிருந்தார்கள், கர்ப்பக்கிரகத்துக்கு வெளியே நிற்கிற கூட்டம் மாதிரி. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தரையில் இறைந்திருந்தவற்றின் மேல் கால் பட்டுவிடக் கூடாதே என்று நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். பல் டாக்டரின் படத்தில் ஓரமாக வந்த ஒரு நாயை வெட்டச் சொன்னது ஞாபகம் வந்தது. இந்த ஒன்பது வருஷத்தில் எத்தனை ஓரங்களை வெட்டச் சொல்லியிருப்போம் என்று எண்ணப் பார்த்தாள், முடியவில்லை.

ஆனாலும் அவர் நெசத்தைக் கேட்டிருந்தார். இருட்டும் நேரத்துக்குப் பென்சிலை மறுபடி எடுத்தாள்.

ஞாயிறு காலை பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு வெளியே, தெற்கேயிருந்து லோக்கலில் வந்து இறங்கிய பெண்கள் கீரைக்கட்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். சொல்லிவைத்தபடி மணிவேல் ஒரு மூடிய கடையின் படியில் காத்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிரித்ததும் அவர் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓரக்கண்ணால் தன்னைத்தான் பார்க்கிறார் என்று இப்போது அவளுக்குப் புரிந்தது.

"ஆறு படம் தேறாது" என்று ஆரம்பித்தாள். "அந்த ஆறுலயும் ஓரத்துலகூட ஒண்ணும் இல்லை. போற போக்குல அமுக்கிட்டேள். சோம்பேறித்தனம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கீரைக்காரி திரும்பிப் பார்த்தாள். "ஆமாங்க, அன்னிக்கு வெயிலு. சொல்லுங்க, சொல்லுங்க."

"ஸ்டூடியோக்காரன் பிரிண்ட் போடறச்சே நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டிடறான். மத்தவாளுக்கு அது பரவாயில்லை. உங்களுக்கு இருக்கறதே அங்கதான். வெள்ளை விளிம்பு விட்டு, முழுசாப் போடணும்னு சொல்லுங்கோ. நான் வேணா கூட வந்து சொல்றேன்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "வெட்டறானுங்களா? எனக்குத் தெரியவே தெரியாதுங்களே."

"அப்புறம்…" அவள் நான்கு படங்களைத் தனியாக எடுத்து மடியில் வைத்தாள். ஒரு பூக்காரி, ஒரு டாக்ஸி, பூர்ணிமா, மறுபடி பூர்ணிமா. நான்கும் சரியாக நடுவில், சரியான தூரத்தில். போன மாதம் வரை இவற்றுக்குத்தான் அவள் மார்க் போட்டிருப்பாள். "இந்த நாலும் யார் வேணா எடுத்திருக்கலாம். இது உங்களோடது இல்லை."



"நீங்க சொன்னதுக்கப்புறம் எடுத்ததுங்க. பாப்பா என் தோளைப் புடிச்சுத் திருப்பி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு சொல்லிச் சொல்லி."

"நான் தப்பா சொல்லிட்டேன்." அந்த வார்த்தையைப் படங்களைப் பற்றி அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"தப்புன்னு இல்லீங்க. எனக்கும் ஆசைதான். எல்லாரும் பார்க்கறதை ஒருக்கா நானும் எடுக்கோணும்னு." அவர் கையை நீட்டி அந்த நான்கையும் வாங்கி, மற்றவற்றோடு சேர்க்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "பலகையில குத்த மாட்டேன். வீட்டுல வச்சுக்கறேன்."

"வச்சுக்கோங்கோ."

கேமராவின் வாரைச் சரி செய்துகொண்டு அவர் எழுந்தார். "உங்களை ஒண்ணு எடுக்கட்டுங்களா? அந்தப் பக்கம் போய் நில்லுங்க. எனக்கு நேரா."

அவள் தெருவைக் கடந்து எதிர்ப்புறம் போய் நின்றாள். அவர் முகம் நேராக அவளைப் பார்த்தது. கண்கள் திறந்திருந்தன. "இப்ப நீங்க இல்லீங்க" என்று உரக்கச் சொன்னார். "வலது பக்கமா நடங்க, மெதுவா."

ஒரு அடி வைத்தாள். கீரைக்கட்டுகளைத் தாண்டி இன்னொன்று. "இல்லீங்க… இன்னும் இல்லீங்க." மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி பெரிய தராசு ஒன்றைச் சுற்றிக்கொண்டு போனாள். மீன்காரரின் தண்ணீர் தெறித்துப் புடவை நனைந்தது. "சேலை வந்துருச்சு… கை வந்துருச்சு…" அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு மீன்காரர் கத்தியை நிறுத்திவிட்டு, என்ன நடக்கிறது என்று அவளை நிமிர்ந்து பார்த்தார். கானிங் லோக்கல் வந்து நின்ற சத்தம். படிகளிலிருந்து கூடைகளோடும் குடைகளோடும் கூட்டம் இறங்கி இருவருக்கும் நடுவே ஓட ஆரம்பித்தது.

"வந்துட்டீங்க! அங்கியே நில்லுங்க!"

நாகலக்ஷ்மி ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இடது பக்கம் முழுக்க ஜனங்கள் பாய்ந்துகொண்டிருந்தார்கள். அதற்கு அப்பால், நெஞ்சில் கேமராவுடன், அவளைப் பார்க்காத பக்கம் முகம் வைத்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார். விரல் இன்னும் அமுக்கவில்லை.